கண்ணாடித் தட்டும் களுத்துறை முகங்களும்

கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவைப் பற்றிப் படிக்காமல் இலங்கையில் வரலாற்றுப் பாடத்தில் எவரும் சித்தியெய்தியிருக்க முடியாது. இராஜகாரிய ஒழிப்பு, சட்டநிரூபண சபை, நீதித்துறைச் சீர்திருத்தம் என்று பரீட்சைக்காக மனனம் செய்தோம். அந்தச் சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் என்பதையும், நமது மலையகத்து மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டவர் என்பதையும் எந்த ஆசிரியரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

ஜூலியா மார்கரட் கமரன் 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசெம்பரில் அவர் இங்கிலாந்தின் வைட் தீவில், பிரெஷ்வோட்டர் என்னும் ஊரில் இருந்தார். கணவரோ தமது தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்கு வந்திருந்தார். தனிமையில் பொழுதுபோகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. புகைப்படக் கலையின் அரிச்சுவடியும் தெரியாது.

அந்தக் கமராவை இன்றைய கையடக்கக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. அது ஒரு மரப்பெட்டி. ஏறக்குறைய 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடித் தட்டு அதனுள் செல்லும். பின்புறத்து மங்கற் கண்ணாடியில் உருவம் தலைகீழாய்த் தெரியும். படத்தைப் பெருப்பித்து அச்சிடுவது அன்று எளிதான காரியமாக இருக்கவில்லை. தட்டைத் தாளின்மீது நேராக வைத்து வெயிலில் அச்செடுத்தார்கள். ஆகவே பெரிய படம் வேண்டுமெனில் பெரிய தட்டு வேண்டும், பெரிய பெட்டியும் வேண்டும். 1866 அளவில் அவர் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தட்டுகளுக்கு மாறினார்.

தட்டைத் தயாரிப்பதுதான் உண்மையான சோதனை. 1851 இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அது. ஆர்ச்சர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1857 இல் வறுமையில் இறந்தார். ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்த வெடிபஞ்சுக் கரைசலோடு அயடைட்டு உப்பைக் கலந்து, துடைத்த கண்ணாடியின்மீது ஊற்றி, மூலைக்கு மூலை சரித்து ஒரே சீராகப் பரவச் செய்யவேண்டும். பின்னர் இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் அமிழ்த்தி, ஈரம் காயுமுன் கமராவில் பொருத்திப் படம்பிடித்து, உடனே திரும்பிவந்து உருத்துலக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. உருவை நிலைநிறுத்தக் கமரன் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைட் என்ற கொடிய நஞ்சு. (பத்திரிகைகளுக்குப் புளொக் செய்யும் தொழிலில் இதே ஈரத்தட்டு முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வழக்கிலிருந்தது என்பதை எம் தொழிலைச் சேர்ந்த இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள்.)

நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடிக் கூடம் ஆக்கினார். கூலி கொடுத்து ஒரு விவசாயியை அமரவைத்து எடுத்த முதற் படத்தை, ஈரப்பக்கத்தில் கையை வைத்துத் தாமே அழித்துவிட்டார். ஈரத் தட்டோடு சாப்பாட்டு அறைக்குள் ஓடிவந்து மேசை விரிப்புகளை எல்லாம் வெள்ளிக் கறையாக்கினார். 1864 ஜனவரியில் அனி என்ற சிறுமியின் முகம் தட்டில் பதிந்தபோது அதையே தமது முதல் வெற்றி என்று குறித்துக்கொண்டார். அதன்பின் டெனிசன், கார்லைல், டார்வின் எனப் பெரியவர்கள் அவர்முன் அசையாமல் நிமிடக் கணக்கில் உட்கார்ந்தனர். படம் தெளிவில்லை என்று தொழில்முறைப் புகைப்படக்காரர் ஏளனம் செய்தனர். அவர் அசையவில்லை, தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் வில்லையை நிறுத்திக்கொண்டார். 1865 இலேயே தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவரது படங்களை விலைகொடுத்து வாங்கியது.

அவரது பணிப்பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியும். மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக நின்றார். பிச்சையெடுத்த நிலையில் அவர் வீட்டில் சேர்க்கப்பட்ட மேரி றயனின் படத்தைக் கண்டு காதல்கொண்டு, 1867 இல் அவளை மணந்தவர் ஹென்றி கொட்டன். 1904 இல் இந்திய தேசிய காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

1875 இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கே குடிவந்தனர். கோப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. களுத்துறையில் வீடு. 1877 இல் அங்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தைப் படம்பிடித்தார். எனினும் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. ஈதர் ஏறக்குறைய 35 பாகை செல்சியசில் கொதித்துவிடும். நமது வெப்பத்தில் கொலோடியன் எவ்வளவு விரைவாக உலரும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். இரசாயனங்களும் கடல் கடந்தே வரவேண்டும்.

அந்தச் சில படங்களில் இருப்போர் வீட்டுப் பணியாளர்களும் அயலவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கோப்பிக் காலத்துத் தொழிலாளர் என்றால் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர்கள்தான். மேரி ஹில்லியரைப் போலவே இவர்களும் மூச்சை அடக்கி அசையாமல் நின்றவர்கள். ஆனால் நோர்த்துக்கு உள்ள பெயர் இவர்களுக்கு இல்லை. களுத்துறைக் குடியானவர்கள், இளம்பெண் என்பன போன்ற பொதுத் தலைப்புகளே எழுதப்பட்டுள்ளன. அருங்காட்சியகங்களின் பட்டியல்களிலும் அவ்வாறே நிற்கின்றனர். படத்தின்கீழ்ப் பெயர் விடுபட்டால் செய்தி ஆசிரியரிடம் ஏச்சு வாங்கும் தொழிலில் வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ, அந்த முகங்களைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

ஜூலியா கமரன் 1879 ஜனவரி 26 இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள மகனின் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அவரது கல்லறை உள்ளது. மறு ஆண்டு இறந்த கணவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கற்பலகையில் இருவரின் பெயர்களும் இருக்கின்றன.