ஏக்கலவிலிருந்து எழுந்த அலை

ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றில் பால்மரமும் செம்பனையும் பேசப்படுகின்றன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பேசப்படுகின்றன. வானொலி பேசப்படுவது அரிது. பேசப்பட்டாலும் அறிவிப்பாளர்களின் குரலினிமையோடு அப்பேச்சு நின்றுவிடுகிறது. அக்குரலைக் கடல் கடத்திய கோபுரங்களை நாம் நினைப்பதில்லை. அத்தகைய நிலையம் ஒன்றனை, இலங்கையின் ஏக்கல ஒலிபரப்பு நிலையத்தை, இச்சொற்பொழிவுக்குப் பொருளாகக் கொள்கிறோம். நம் மாவட்டத்தில் இல்லாத ஒன்றை எடுப்பானேன் என்று கேட்கலாம். மலாயாவையும் உள்ளடக்கிய தென்கிழக்காசியப் போர்க்களத்திற்காகவே அது அமைக்கப்பட்டது என்பது நம் விடை.

இலங்கையில் வானொலி முன்னரே வேரூன்றியிருந்தது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலியை ஆளுநர் ஹியூ கிளிஃபோர்டு தொடங்கி வைத்தார். பகாங்கில் பல்லாண்டு பணியாற்றி, பின்னர் 1927இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகவும் வந்த அதே கிளிஃபோர்டுதான் இவர்.

ஏக்கலவுக்கு வித்திட்டது இரண்டாம் உலகப்போர். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். படைவீரர்களின் மனச்சோர்வைப் போக்க 'ரேடியோ சீயாக்' தொடங்கப்பட்டது. அதற்கென்று கொழும்பிற்கு வடக்கே, ஜா-எலவை அடுத்த ஏக்கலவில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள மார்க்கோனி ஒலிபரப்பி நிறுவப்பட்டது. 1945 செப்டம்பர் 9இல் அக்கட்டளையின் கீழிருந்த இந்தியப் படைப்பிரிவு கரையிறங்கியது நம் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில்தான். ஆனால் அப்பெருங்கருவி இயங்கத் தொடங்கியதோ 1946இல். போர் முடிந்தபின் வந்த போர்க்கருவி!

அதன் வேலைமுறையைச் சிறிது விளக்குவது தகும். மத்திய அலை பகற்பொழுதில் நிலத்தையொட்டிச் சென்று சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். சிற்றலையோ வானோக்கி எழுந்து, மின்னூட்டம் பெற்ற மேல்வளிமண்டலத்தில் மோதித் தொலைவில் தரையிறங்கும். இடைப்பட்ட பகுதி சில வேளைகளில் ஒலியற்ற வெளியாகிவிடும். பக்கத்து ஊரில் கேளாதது பல நூறு கல் தொலைவில் தெளிவாகக் கேட்பதுண்டு. ஏக்கலவிலிருந்து ஜெராம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். சிற்றலைக்கு இஃது ஒரே தாவலில் கடக்கக்கூடிய தொலைவு. கோபுரங்களுக்கிடையே கட்டிய கம்பித்திரைகளால் அவ்வாற்றலை ஒரு திசையில் குவிக்கவும் இயலும்.

1949இல் இந்நிலையம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறியதொரு தீவு, தன் தேவைக்கு மிஞ்சிய ஒலிபரப்பாற்றலைப் பெற்றது. அதனை என் செய்வது? விடையாக 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. எஸ். பி. மயில்வாகனனார் அதன் முதல் தமிழ் அறிவிப்பாளரானார். இந்தியாவில் 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தார். நேயர்கள் கொழும்பை நாடினர். விளம்பரதாரரும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். 1957 அக்டோபர் 3இல் 'விவித பாரதி' தோன்றும்வரை இந்தியா இதற்கு மாற்றுக் காணவில்லை.

இடையில் 1956இல் சிங்களம் மட்டுமே இலங்கையின் ஆட்சிமொழி எனச் சட்டமாயிற்று. அலுவலகத்தில் தமிழுக்கு இடம் மறுத்த அரசின் கோபுரங்களே, வானில் தமிழைக் கடல் கடத்திக்கொண்டிருந்தன. மொழிப்பற்றால் விளைந்ததன்று இது. விளம்பர வருவாய் அதில் பெரும்பங்கு கொண்டது என்றே கருதுகிறோம். மயில்வாகனனாரின் புகழை இவ்வுண்மை குறைப்பதில்லை. ஆயினும் அவர் குரல் நெடுந்தொலைவு எட்டியதற்கு அவர் திறமை மட்டுமே காரணம் என எழுதும் வானொலி வரலாறு அரை வரலாறே.

நிலையம் 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் நாட்டின் பெயரோடு அதன் பெயரும் மாறிற்று. நேயர்களுக்கு அஃது என்றும் இலங்கை வானொலிதான். ஏக்கல என்னும் ஊர்ப்பெயரை அவர்களுள் அறிந்தவர் மிகச் சிலரே.