பிளாக் ஃபாரஸ்ட் கேக்கும் கணக்கில் வராத கைகளும்

மகளின் பிறந்தநாளுக்கு பிளாக் ஃபாரஸ்ட் கேக்கை வீட்டிலேயே செய்தேன். முட்டையையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, மைதாவும் கோக்கோவும் கலந்து, விசில் போடாத குக்கரில் உப்புப் பரப்பி வேகவைத்து, ஆறிய பின் மூன்று அடுக்காக அறுத்து, கிரீமும் பழமும் வைத்து முடித்தபோது பிற்பகல் போய்விட்டது. பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது: இதை முதலில் செய்தவர் யார்?

தேடினால் இரண்டு ஆண்களின் பெயர்கள் கிடைக்கின்றன. 1915இல் ஜெர்மனியின் பாட் கோடெஸ்பெர்க் ஊரில், காபிக் கடையொன்றில் வேலை பார்த்தபோது தாமே இதை உருவாக்கியதாக யோசெஃப் கெல்லர் உரிமை கோரினார். 1930இல் டூபிங்கன் நகரில் எர்வின் ஹில்டன்பிராண்ட் செய்ததே முதலாவது என்பது மற்றொரு தரப்பு. செய்முறை 1934இல் தொழில்முறை நூலொன்றில் அச்சேறியது. அதை எழுதியவரும் ஆண்தான்.

ஆனால் கேக்கின் உள்ளே இருப்பவை இவர்களுக்கு முந்தியவை. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் செர்ரி மிகுதி. அதிலிருந்து கிர்ஷ் என்ற மதுவை வடிப்பார்கள். செர்ரியை வேகவைத்துப் பாலேட்டோடு உண்பதும் அங்கே பழைய வழக்கம். வீட்டு அடுப்பில் நடந்த அந்தச் சமையலுக்கு யாரும் உரிமை கோரவில்லை, யாரும் ஆண்டு குறிக்கவுமில்லை.

கேக்கின் மேல் வரிசையாக நிற்கும் சிவப்புச் செர்ரிகள் ஒரு தொப்பியை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். கருங்காட்டின் மூன்று ஊர்களில் பெண்கள் விழாநாளில் அணியும் வைக்கோல் தொப்பி அது. பதினான்கு கம்பளி உருண்டைகளோடு 2 கிலோ வரை கனக்கும். மணமாகாதவளுக்குச் சிவப்பு உருண்டை, மணமானவளுக்குக் கறுப்பு. நம் ஊரில் நெற்றியிலும் காலிலும் எழுதப்படுவது அங்கே தலைமேல் ஏற்றப்பட்டது.

1958இல் நடைமுறைக்கு வந்த மேற்கு ஜெர்மனிச் சட்டம், இல்லத்தை நடத்துவது மனைவியின் பொறுப்பு என்றது. மணவாழ்வின் கடமைகளுக்கும் குடும்பத்தின் கடமைகளுக்கும் ஊறு வராத அளவுக்கே அவள் வேலைக்குப் போகலாம். இந்த விதி நீங்க 1977 ஆயிற்று. அதுவரை அதே மாவு, அதே கிரீம், அதே கைவலி கடையில் தொழிலாக இருந்தது. வீட்டில் கடமையாக இருந்தது. தொழிலுக்குக் கூலியும் பெயரும் உண்டு. கடமைக்கு நன்றிகூடச் சில சமயம்தான்.

‘முதலில் செய்தவர் யார்?’ என்று கேட்கும் வரலாறு, திரும்பத் திரும்பச் செய்தவர்களைத் தவறவிடுகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். ஓர் உணவை நூறாண்டு உயிரோடு வைத்திருப்பவர்கள், கிடைத்ததை வைத்து மறுபடி மறுபடி செய்கிறவர்கள். இங்கே கிர்ஷுக்குப் பதில் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறோம். பேக்கரியில் செர்ரி என்று வாங்குவது பெரும்பாலும் பாகில் ஊறிய, சாயமேற்றிய களாக்காய்.

எனக்குக் குக்கர் பக்குவத்தைச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் தம் நாத்தனாரிடம் கற்றாராம். என் நோட்டில் ‘கேக்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அன்றிரவு அதன் கீழே அக்காவின் பெயரையும் நாத்தனாரின் பெயரையும் எழுதினேன். நாத்தனாருக்குச் சொல்லித் தந்தவர் யாரென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதற்கும் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.