இணையவழிப் பேச்சுப் பயிற்சி

பேச்சு, மொழி, குரல் குறைபாடுகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வீடியோ அழைப்பின் வழியே அளிக்கும் சிகிச்சை. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் 2005இல் இம்முறையை ஏற்றது. 2020 கொரோனா ஊரடங்கில் பரவலானது. இந்தியாவில், 1965இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் தொலைவழிச் சேவையும் தருகிறது.

பார்க்கின்சன் நோயாளிகளின் தணிந்த குரலை உயர்த்தும் 'எல்எஸ்விடி லவுட்' பயிற்சிக்கு வாரம் 4 நாள் வீதம் 4 வாரங்களில் 16 அமர்வுகள் தேவை. நடக்கவே தடுமாறும் முதியவரை அத்தனை முறை அழைத்துச் செல்வது எளிதல்ல. இணையவழியின் உண்மையான பயன் இங்கேதான்.

குழந்தைக்கு என்றால் பெற்றோர் உடன் அமர வேண்டும். நாக்கின் நுனி எங்கே தொடுகிறது என்பது தெரிய, வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். வீடியோ அழைப்புச் செயலியின் இரைச்சல் நீக்கி சில வேளை 'ஸ', 'ஷ' ஒலிகளையும் இரைச்சலாகக் கருதி மழுக்கிவிடும். அதை அணைத்துவைப்பது நல்லது. பேச்சுப் பயிற்சியாளரே விழுங்கல் சிக்கலையும் கவனிப்பார்; ஆனால் உணவு விழுங்கும்போது புரையேறுபவர்களை முதலில் நேரில் பரிசோதிப்பதே பாதுகாப்பு.