செயற்கைக் குருதியைத் தேடி

பசுவின் மடியிற் கறந்த பால், சூடு ஆறுமுன்னரே மனிதனின் நாளத்துட் செலுத்தப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. 1854ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரில் வாந்திபேதி பரவியபோது, போவெல், ஹொடர் என்னும் வைத்தியர் இருவர் இதனைத் துணிந்து செய்தனர். பாலிலுள்ள நுண்டுளிகள் வெண்குருதிக் கலங்களாக மாறும் என்பது அவர்தம் நம்பிக்கை. சிலர் தேறினர், சிலர் மாண்டனர். இன்று நகைப்பது எளிது. ஆயின் மனிதக் குருதியில் வகைகள் உண்டென்பதை லான்ட்ஸ்ரைனர் வெளியிட்டது 1901இலேதான். அதுவரை ஒருவன் குருதியை மற்றொருவனுக்கு ஏற்றுவதும் ஏறக்குறைய அத்தகைய சூதாட்டமாகவே இருந்தது.

பாலின் இடத்தை உப்புநீர் பிடித்தது. அது நாளங்களை நிரப்பும்; ஒட்சிசனைச் சுமவாது. சுமப்பது செங்குழியத்தினுள் உறையும் ஈமோகுளோபின். அதனை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றினாலென்ன? அமெரிக்கரான அம்பர்சன் 1930களில் விலங்குகளிற் சோதித்தார். பின்னர் நோயாளருக்கும் ஏற்றி, 1949இல் முடிவுகளை வெளியிட்டார். சிறுநீரகங்கள் பழுதுற்றன. குழியத்தை விட்டு வெளியேறிய ஈமோகுளோபின் துண்டாகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். குருதிக்கலன்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டைக் கவர்ந்து, அவற்றைச் சுருங்கவும் செய்யும். அடுப்பிலிருக்கும்வரை உதவும் நெருப்பு, கூரையேறினால் என்ன செய்யும்?

வேறு வழியும் தேடப்பட்டது. 1966இல் கிளார்க், கொல்லன் என்போர் ஒட்சிசன் நிறைந்த புளோரோகாபன் திரவத்துள் எலியை அமிழ்த்தினர். அது திரவத்தையே சுவாசித்து உயிரோடிருந்தது! இவ்வகையில் யப்பானில் உருவான புளூவோசோல், 1989இல் அமெரிக்க அனுமதி பெற்று, 1994இல் கைவிடப்பட்டது.

ஈமோகுளோபினைப் பிணைத்துப் பெரிதாக்கிய கரைசல்களே பெரும் வழக்காடலுக்கு இடமாயின. 2003 முதல் 2006 வரை அமெரிக்காவில் பொலிஹீம் என்னும் கரைசல், விபத்துற்று நினைவிழந்தோர்க்கு அவர் சம்மதமின்றியே ஏற்றப்பட்டது. சட்டம் அதற்கு இடமளித்தது. வேண்டாதவர் முன்கூட்டியே நீலநிறக் கைவளையம் அணிந்திருத்தல் வேண்டுமாம்! எத்தனைபேர் அதனை அறிந்திருப்பர்? வைத்தியசாலையிற் குருதி இருந்தபோதும் கரைசலே தொடர்ந்தது என்பது அதனினும் பாரிய குற்றச்சாட்டு.

2008இல் நட்டான்சனும் துணைவரும் இத்தகைய கரைசல்கள் பற்றிய 16 ஆய்வுகளை, 3,711 நோயாளர் விபரங்களோடு ஒன்றுசேர்த்து நோக்கினர். மரண அபாயம் 30 வீதம் மிகுந்திருந்தது; மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ மும்மடங்கு. ஆய்வுகள் தனித்தனியே கிடந்தவரை இவ்வுண்மை புலப்படவில்லை.

2022இல் பிரித்தானியாவில் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட செங்குழியங்கள் தொண்டர் இருவருக்கு ஏற்றப்பட்டன. அளவு ஓரிரு தேக்கரண்டி. அவற்றுக்கு வித்தாகிய தண்டுக்கலங்களும் குருதிக்கொடையாளர் ஈந்தவையே.