நள்ளிரவில் மதில் ஏறியவன்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1963 அக்டோபர் 1-ஆம் தேதி, புதுச்சேரியில் இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதுவரை 1810-ஆம் ஆண்டின் 'கோத் பெனால்'தான். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் பெரியப்பா, "இனிமே திருடன் வந்தா முதல்ல பக்கத்து வீட்டுக்காரரைக் கூவி எழுப்பு, அப்புறம் தடியை எடு" என்றார். அப்போது சிரித்தோம்.

உத்தியோகத்துக்கு வந்தபின் இரண்டு சட்டங்களையும் படித்தேன். பிரெஞ்சுச் சட்டத்தின் 328-ஆம் பிரிவு, தற்காப்பில் நேர்ந்த கொலை குற்றமே அல்ல என்றது. 329 இன்னும் ஒரு படி மேலே போனது. குடியிருக்கும் வீட்டின் மதிலை இரவில் ஏறி வருபவனைத் தடுக்கையில் அவன் இறந்தால், அதைத் தற்காப்பாகவே கொண்டது.

இந்தியச் சட்டமும் தற்காப்பை மறுக்கவில்லை. இரவில் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்தில் 103-ஆம் பிரிவு கைகொடுக்கும். ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது என்றது 99.

அடியால்தான் செத்தான் என்று நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. 'நல்ல வைத்தியம் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான்' என்ற வாதமும் 299-இன் விளக்கத்தால் அடிபட்டுப்போகும். ஏன் அடித்தேன் என்று காட்டுவதோ, சாட்சியச் சட்டம் 105-ஆம் பிரிவின்படி, அடித்தவன் பொறுப்பு. சந்தேகமற நிரூபிக்க வேண்டாம். அப்படி நடந்திருக்கலாம் என்று காட்டினால் போதும். ஆனாலும் நள்ளிரவில் தனியாக இருப்பவனுக்குச் சாட்சி ஏது?

2024 ஜூலையில் புதிய சட்டங்கள் வந்து பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. அந்தப் பொறுப்பு மட்டும் இன்னும் அடித்தவன் தலையில்தான். பெரியப்பா சொன்னதன் அர்த்தம் இதுதான்.