கூழும் குவளையும்

யாழ்ப்பாணத்து உணவின் வரலாறு, பிறநாட்டுச் சுவைகள் ஊர்ச்சுவையாக மாறிய வரலாறாகும். ஆயின் அச்சுவைகளை ஏற்ற சமூகம், உடனிருந்து உண்ணும் மனிதரை அத்துணை எளிதில் ஏற்கவில்லை. உடுவிலும் அதன் அயலும் இதற்குச் சான்றாகின்றன.

யாழ்ப்பாணத்தின் தனித்துவமான உணவெனப் போற்றப்படுவது ஒடியற்கூழ். பனங்கிழங்கின் ஒடியல் மாவும் மீனும் நண்டும் இம்மண்ணுக்கும் கடலுக்கும் உரியன. அதற்குக் காரம் ஊட்டும் மிளகாயும், அதில் இடப்படும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் கடல்வணிகமே கீழைநாடுகளில் மிளகாயைப் பரப்பியது. அதற்கு முன் காரத்துக்கு மிளகே பயன்பட்டது. ‘மிளகாய்’ என்னும் பெயரே அதற்குச் சான்று. ‘பாண்’ என்பதும் போர்த்துக்கேயச் சொல்லே. பிற்காலத்தில் உடுவில், சுன்னாகப் பகுதிகளின் செம்மண் நிலத்தில் மிளகாய் பணப்பயிராயிற்று. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு அதன் விலையை உயர்த்தி, உழவர் இல்லங்களுக்கு வளம் சேர்த்தது.

பயிர் இவ்வாறு வேரூன்ற, பந்தி வேறு வழியிற் சென்றது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824இல் உடுவிலிற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். கல்வியை விரும்பிய பெற்றோரும், மிஷன் வளவிற் சமைத்ததைப் பிள்ளைகள் உண்பதை ஆசாரக் கேடெனக் கருதிய காலம் அது. யார் சமைப்பது, எங்கே உண்பது என்பன தொடக்ககால மிஷன் விடுதிகள் எதிர்கொண்ட சிக்கல்களாயின. நூறாண்டு கழிந்து, 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் சமபந்தியை வலியுறுத்தவேண்டிய நிலையே இருந்தது.

உணவுக்கடைகளின் நிலை இன்னும் கொடியது. சீனத்துச் செடியான தேயிலை ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கை மலைகளிற் பயிராகி, யாழ்ப்பாணத்துச் சந்திகள்தோறும் தேநீர்க் கடைகளைத் தோற்றுவித்தது. அக்கடைகளுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைய இயலவில்லை. அன்றேல் அவர்க்குத் தனிப் பாத்திரம் வைக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியும் வழக்கம் ஒழியவில்லை. 1966 ஒக்டோபர் 21இல், உடுவிலின் அயலூரான சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளாகியும் அது நகரை அடைந்தது. பின்னர் சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நிகழ்ந்தன, உயிர்களும் பலியாயின.

மிளகாய்க்கு இடமளித்த சமூகம் மனிதர்க்கு இடமளிக்க மறுத்தது ஏன்? புதிய சுவையை ஏற்பதனால் எவரும் தம் மேலாண்மையை இழப்பதில்லை. பொதுக் குவளையில் அருந்தவும் ஒரே பந்தியில் அமரவும் இணங்குவோர் அதனை இழந்தே ஆகவேண்டும். ஆகவே, ஒரு சமூகத்தின் உணவுப் பண்பாடு விரிந்தது என்பதற்கு அதன் உணவுப் பட்டியல் மட்டும் சான்றாகாது. அவ்வுணவை யாருடன் இருந்து உண்டனர் என்பதையும் வரலாற்று மாணவர் ஆராய்தல் வேண்டும்.