மஞ்சள் கேட்ட மனிதர்

1984ஆம் ஆண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பகல் கூட்டம் முடிந்து, நெல் விஞ்ஞானிகள் விருந்தினர் விடுதியில் பீர் கோப்பைகளோடு அரட்டையில் இருந்தார்கள். கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த ராக்கஃபெல்லர் அறக்கட்டளைக்காரர் ஒரு கேள்வியைப் போட்டார்: மரபணுவை மாற்றும் வித்தை கைவந்துவிட்டால் நெல்லில் எந்தக் குணத்தைச் சேர்க்கலாம்? நோயைத் தாங்கும் குணம் என்றார் ஒருவர், வறட்சியைத் தாங்கும் குணம் என்றார் இன்னொருவர். பீட்டர் ஜென்னிங்ஸின் முறை வந்தது. தமிழ்நாட்டு வயல்கள் வரை வந்த ஐ.ஆர்.8 நெல் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் அவர். அரிசி மஞ்சளாக வேண்டும் என்றார். மற்றவர்கள் வியந்து பார்த்தார்கள்.

காரணம் குழந்தைகளின் கண். தாய்ப்பால் மறந்த ஏழைக் குழந்தைக்கு ஆசியாவின் பல இடங்களில் சோற்றுக் கஞ்சிதான் சாப்பாடு. பீட்டா கரோட்டின் என்னும் மஞ்சள் நிறமி உடலுக்குள் போய் வைட்டமின் ஏ ஆகிறது. நெற்பயிரின் இலையில் அது தாராளமாக இருந்தது. தீட்டிய அரிசியில் இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வைட்டமின் ஏ குறைவால் ஆண்டுதோறும் இரண்டரை முதல் ஐந்து லட்சம் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்தும் போனார்கள். ஒட்டுச்சேர்க்கையால் அரிசிக்கு மஞ்சள் ஏற்ற வழியில்லை. அப்படி அரிசி தரும் ஒரு நெல் ரகம்கூடக் கிடைக்கவில்லை. நிறத்தை வேறு எங்கிருந்தாவதுதான் கொண்டுவர வேண்டும்.

எங்கிருந்து? 1992இல் நியூயார்க்கில் கூடிய நிபுணர்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சூரிச்சின் இங்கோ போட்ரிகுஸ், ஃபிரைபுர்கின் பீட்டர் பேயர் ஆகிய இரண்டு விஞ்ஞானிகளுக்கு அறக்கட்டளை பணம் கொடுத்தது. பேயருக்கு அத்துப்படியான செடி டாஃபடில், மஞ்சள் பூப்பூக்கும் ஐரோப்பியத் தோட்டச் செடி. அதன் ஒரு மரபணுவை நெல்லுக்குள் செலுத்தியபோது, நிறமிக்கு முந்தைய படியான ஃபைட்டோயீன் அரிசியில் உருவானது. கச்சாப்பொருள் அரிசிக்குள்ளேயே இருக்கிறது என்பது நிரூபணமானது. ஆனால் ஃபைட்டோயீனுக்கு நிறம் இல்லை. அரிசி வெள்ளையாகவே இருந்தது.

மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வழி இழுத்துக்கொண்டே போனது. போட்ரிகுஸ் ஓய்வு பெறும் நாளும் நெருங்கிவிட்டது. அப்போது அவருடைய ஆய்வகத்தில் இருந்த சீன ஆய்வாளர் யே ஷுடோங், தேவையான மரபணுக்கள் அத்தனையையும் ஒரே தடவையில் செலுத்தத் துணிந்தார். கணக்கு இதுதான்: டாஃபடில் மரபணு ஃபைட்டோயீனைத் தரும், ஒரு பாக்டீரியாவின் மரபணு அதைத் தக்காளியின் சிவப்பான லைகோபீனாக்கும், இன்னொரு டாஃபடில் மரபணு சிவப்பை மஞ்சளாக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில செடிகளுக்குக் கடைசி மரபணு தரப்படவில்லை. அந்த அரிசி சிவப்பாக வர வேண்டும்.

தீட்டிப் பார்த்தார்கள். சிவப்பு இல்லை, மஞ்சள்! கடைசிப் படியை யாரும் கேட்காமலே நெல் தானாகச் செய்து முடித்திருந்தது. மூன்று மரபணுக்கள் வேண்டும் என்று நினைத்த இடத்தில் இரண்டே போதுமானதாக இருந்தது. இந்த அதிர்ஷ்டத்தை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது. 2000 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. ஜூலையில் ‘டைம்’ இதழின் அட்டையில் போட்ரிகுஸ் நின்றார். தங்க அரிசி பிறந்துவிட்டது. இனி விதைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார்கள்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. பயன்படுத்திய நுட்பங்களில் ஏறக்குறைய 70 காப்புரிமைகள் பின்னிக் கிடந்தன. ஏழை விவசாயிகளுக்குக் கட்டணமில்லை, விதையைச் சேமித்து மறுபடி விதைக்கலாம் என்ற உடன்பாட்டால் அந்த முடிச்சு அவிழ்ந்தது. அடுத்த முடிச்சு அரிசிக்குள்ளேயே இருந்தது: ஒரு கிராமில் 1.6 மைக்ரோகிராம்தான் நிறமி. இது எந்தக் குழந்தைக்குப் போதும் என்று மரபணு மாற்றப் பயிர்களின் எதிர்ப்பாளர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2005இல் சின்ஜென்டா என்ற விதை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டாஃபடிலைக் கைவிட்டு மக்காச்சோள மரபணுவைச் செலுத்தினார்கள். அளவு 37 மைக்ரோகிராம் வரை பாய்ந்தது. வயலில் இறக்கினால் போதும்.

2013 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸில் ஒரு சோதனை வயலுக்குள் கும்பல் புகுந்து நாற்றுகளைப் பிடுங்கி மிதித்தது. இந்த அரிசி பாதுகாப்பானதா என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அதற்கு விடை தரும் வயலையே அழித்தது மன்னிக்க முடியாத செயல். சோதனைகள் பின்னரும் நடந்தன. 2021 ஜூலையில் வணிகச் சாகுபடிக்கு அந்நாடு அனுமதி தந்தது, அடுத்த ஆண்டு விவசாயிகள் அறுவடையும் செய்தார்கள். 2024 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஜென்னிங்ஸ் மஞ்சள் கேட்டு அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.